பிரிவினையும் முதுமகள் நினைவும்

நிலத்தை இழந்த பெண்ணின் நினைவு தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. பறம்பு மலையையும் தந்தையையும் ஒருங்கே இழந்த பாரி மகளிரின் கூற்று புறநானூற்றில் 112-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. சென்ற திங்கள் இருந்ததும் இந்தத் திங்கள் இல்லாததும் ஐந்தே அடிகளில் எதிரெதிர் நிற்கின்றன. பகைவர்மீது ஒரு வசைச்சொல் இல்லை; ஓலமும் இல்லை. ஆயினும் அப்பாட்டைப் பயில்வார் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் கூடும். அம்மகளிர் அன்று இளையர். இழப்பு நேர்ந்து ஒரு திங்களே ஆகியிருந்தது. அவர்களே எண்பது வயது வரை வாழ்ந்து, பேரன் பேத்தியர் சூழ இருந்து, அந்நிலவை மீண்டும் கண்டிருப்பின் என்ன சொல்லியிருப்பர்? அப்பாட்டில் அதற்கு விடையில்லை. இந்நூற்றாண்டின் இந்தி நாவல் ஒன்று அவ்வினாவை எடுத்துக்கொண்டிருக்கிறது.

கீதாஞ்சலி ஸ்ரீ எழுதிய 'ரேத் சமாதி' 2018-இல் வெளிவந்தது. டெய்சி ராக்வெல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2022-இல் அனைத்துலகப் புக்கர் பரிசைப் பெற்றது. இந்திய மொழி ஒன்றிலிருந்து பெயர்க்கப்பட்ட நூல் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. எனினும் பரிசைக் கொண்டு நூலை அளத்தல் திறனாய்வாகாது. நூல் எடுத்துக்கொண்ட பொருளை எவ்வாறு நடத்துகிறது என்பதே காணத்தக்கது.

கதைத் தலைவி கணவனை இழந்த எண்பது வயது மூதாட்டி. வட இந்தியாவில் மகன் வீட்டில், சுவரை நோக்கித் திரும்பிப் படுத்துக்கொண்டு எழ மறுக்கிறாள். மக்களும் மருமகளும் பேரர்களும் மாறி மாறி அழைக்கின்றனர். அவர்கள் காண்பது அவள் முதுகை மட்டுமே. பின்பு ஒருநாள் எழுகிறாள், காணாமற் போகிறாள், மீட்கப்பட்டு மகளிடம் சென்று தங்குகிறாள். ரோசி என்னும் திருநங்கையோடு கொண்ட நட்பில் புத்துயிர் பெறுகிறாள். இறுதியில் மகளை அழைத்துக்கொண்டு, வாகா எல்லையைக் கடந்து பாகிஸ்தானுக்குச் செல்கிறாள். 1947-க்கு முன் அவளுக்கு அங்கே வேறொரு வாழ்வு இருந்தது. அன்வர் என்னும் கணவன் இருந்தான். அவனைத் தேடியே அவள் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் மகளுக்கே தெரிகிறது.

இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உள்ளது. நாவலின் முற்பகுதி முழுதும் குடும்பத்தின் அன்றாட ஆரவாரம். கதவு, புடவை, சமையல், அண்ணன் தங்கை பூசல் எனச் சொற்கள் பெருகி ஓடுகின்றன. பிரிவினைக் கதையை எதிர்நோக்கி நூலைத் திறந்தவர்க்குப் பொறுமை குன்றும். ஆனால் அவ்வாரவாரம் வீணன்று. மற்றவரெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில், சொல்லத்தக்க பெருங்கதை உடையவள் ஒருத்தியே, பேசாதிருப்பவளும் அவளே. பல்லாண்டுகளாக அவ்வீட்டார் எவரும் அவளை ஒரு கேள்வி கேட்டதில்லை. முதுமகள் நினைவு தாமதித்து வருவது அவள் மறதியால் அன்று, கேட்பார் இன்மையால். இதனை எங்கும் விளக்கியுரைக்காமல், பக்கங்களின் ஓட்டத்தாலேயே உணர்த்தியது ஆசிரியரின் முதல் வெற்றி.

இது கற்பனையில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1947-இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் புதிய எல்லையைக் கடந்தனர். கடத்தப்பட்ட பெண்களை மீட்க இரு அரசுகளும் அவ்வாண்டு டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டன. 1949-இல் இந்தியாவில் அதற்கெனச் சட்டமும் வந்தது. மீட்கப்படுபவள் எங்கே வாழ விரும்புகிறாள் என்னும் கேள்விக்கு அச்சட்டத்தில் இடமில்லை. புதிய வாழ்வில் வேரூன்றிவிட்ட பெண்களும் மீண்டும் பெயர்க்கப்பட்டனர். ஊர்வசி புட்டாலியா 1998-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இத்தகைய பெண்களின் வாய்மொழியைத் திரட்டியது. லாகூரில் தங்கிவிட்ட தம் தாய்மாமனின் கதையிலிருந்தே அவர் அந்நூலைத் தொடங்குகிறார். சொன்னவற்றோடு, சொல்லவந்து நிறுத்தியவற்றையும் அவர் பதிவு செய்கிறார். அரசு ஏட்டில் எண்ணாக நின்றவள் அங்கே ஆளாக நிற்கிறாள்.

'ரேத் சமாதி'யில் குறையும் உண்டு. அயல்நாட்டு அதிகாரிகள் முன் நிறுத்தப்படும் மூதாட்டி, எல்லை என்பது யாது, அது எதற்கு என நீண்ட உரை நிகழ்த்துகிறாள். உரையின் கருத்து உயர்ந்தது. மேற்கோளாகப் பலரும் எடுத்தாளத் தக்கது. அதுவே ஐயத்திற்கும் காரணம். அதுவரை தயங்கியும் விளையாடியும் பேசிவந்த கிழவியின் குரல் அங்கே மறைந்து, ஆசிரியரின் குரல் மேலெழுகிறது. தன் முதற்கணவனைக் காணவேண்டும் என்னும் அவளது பிடிவாதமே எல்லையைப் பற்றிய போதிய கண்டனமாகும். அதன்மேல் சொற்பொழிவு தேவையில்லை. நினைவைக் கருத்தாக மாற்றும் அவசரம் எங்கு நேரினும் நினைவின் உயிர் குன்றுகிறது.

இவ்விடத்தில் ஒரு தமிழ் நாவலை அருகில் வைத்துக் காணுதல் பயன் தரும். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' 1977-இல் வெளிவந்தது. செகந்திராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்னும் தமிழ் இளைஞனின் கண்கொண்டு, 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்தில் நுழைந்த காலத்தை அது காட்டுகிறது. இறுதியில், கலவரத்தினூடே ஓடி ஒரு முஸ்லிம் வீட்டினுள் குதிக்கும் அவன்முன், நடுங்கும் குடும்பத்தைக் காக்கவேண்டி ஓர் இளம்பெண் ஆடையை நீக்கி நிற்கிறாள். அவள் பேசுவன மிகச் சில சொற்களே. அவமானம் தாங்காது அவன் வெளியே ஓடுகிறான், நாவல் முடிகிறது.

முன்னதில் முதுமகள் பேசுகிறாள். பின்னதில் இளையவள் வாயடைத்து நிற்கிறாள். சிக்கனத்தாலும் உண்மையாலும் தமிழ் நாவலின் முடிவே ஆழமாகப் பாய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே விழித்தெழுவது இளைஞனின் மனச்சான்று. பெண்ணின் கதை அவ்வீட்டுச் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அவள் பின்பு எங்கே போனாள், எதை மறைத்து வாழ்ந்தாள், எவரிடம் சொன்னாள் என்பதை நாவல் அறிய முடியாது. அசோகமித்திரன் நிறுத்திய இடத்திலிருந்து கீதாஞ்சலி ஸ்ரீ தொடங்குகிறார் எனலாம். ஒருவர் அந்தக் கணத்தின் ஊமைத்தன்மைக்கு நேர்மையாக இருந்தார். மற்றவர் அதன்பின் வந்த எழுபதாண்டு மௌனத்தை உடைக்கத் துணிந்தார். துணிந்தவர் ஓரிடத்தில் மிகைபடக் கூறியதை மன்னிக்கலாம், மறைக்க வேண்டியதில்லை.

ஜொகூர்த் தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி தொலைவான செய்தியன்று. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அது குருதி சிந்தாத பிரிவு. 1947-ஓடு அதனை ஒப்பிடுதல் முறையன்று. எனினும் நீரிணைக்கு இருபுறமும் உறவுடைய குடும்பங்கள் இரு நாட்டுக் குடும்பங்களாயின. 1969-இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் சென்றனர். சென்றவர் கதையும் தங்கியவர் கதையும் பாடநூலில் ஓரிரு வரிகளாக அமையலாம். அவ்வீட்டுப் பாட்டியர் நெஞ்சில் அவை முழுக்கதைகளாக இருக்கின்றன.

1965-இல் இருபது வயதாயிருந்தவர்க்கு 2025-இல் எண்பது வயது. 'ரேத் சமாதி'யின் மூதாட்டிக்கு ஒத்த வயது. தமிழ்ப்பள்ளிகளில் "என் பாட்டி" என்று கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். பாட்டி அன்பானவள், கதை சொல்வாள் என்ற வாய்பாட்டோடு அது முடிந்துவிடுகிறது. எந்தக் கதையைச் சொன்னாள், எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று மாணவன் கேட்டு எழுதிவருவானாயின் அக்கட்டுரை இலக்கியத்தின் வாயிலில் நிற்கும். அவள் சொன்ன ஆண்டு பிழையாயின் பக்கத்தில் சரியான ஆண்டைக் குறிக்கலாம். அவள் சொல்லாமல் விட்ட இடத்தை மட்டும் ஆசிரியர் தம் சொல்லால் நிரப்பலாகாது.

பாரி மகளிர் முதுமையில் என்ன சொல்லியிருப்பர் என்பதை இனி எவரும் அறிய இயலாது. ஜொகூரின் எண்பது வயதுப் பாட்டியரிடம் இன்னும் கேட்க இயலும்.