ஆர்க்கிமிடீஸின் மூன்று மரணங்கள்: விஞ்ஞானிகளின் கதையை ரசிப்பது எப்படி?

ஓ.எல். கணக்கில் சித்தி எடுத்ததோடு கணிதக் கொப்பியை மூடியவர்கள், இராமானுஜனைப் பற்றிய நாவலைக் கையில் கொடுத்தால் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பித் தருகிறார்கள். புத்தளத்திலும் சிலாபத்திலும் நன்றாக வாசிக்கிற பழக்கமுள்ளவர்களே இப்படிச் செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாள் பிடிக்கத் தெரியாமலே சோழர் காலத்து நாவல்களை விடிய விடிய வாசித்தவர்கள் தானே இவர்கள்? கணக்குக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்?

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரொபர்ட் கனிகல் 1991-ல் எழுதிய இராமானுஜன் வாழ்க்கை வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேவிட் லெவிட்டின் 2007 நாவலான 'தி இந்தியன் கிளார்க்'கை வாசியுங்கள். சூத்திரம் வந்தால் தாண்டிப் போங்கள். ஆண்டுகளை ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். அடிப்படை இவ்வளவுதான்.

இனித்தான் விஷயம். இந்தக் கதைகளில் கற்பனை இரண்டு விதமாக வரும். ஒன்று, 'நான் கற்பனை' என்று முகத்தைக் காட்டி வரும். மற்றது வரலாற்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு நுழையும். இதைப் பிரித்தறியத் தெரிந்தவருக்கே இந்த இலக்கியத்தின் சுவை முழுதாகக் கிடைக்கும்.

முகத்தை மறைக்காத எழுத்துக்கு ஒரு பழைய உதாரணம். கி.மு. 212-ல் உரோமர் சிராக்கூசாவைப் பிடித்தபோது ஆர்க்கிமிடீஸ் கொல்லப்பட்டார். உரோமத் தளபதி மார்செல்லஸின் வரலாற்றை எழுதிய புளூட்டார்க், அந்தச் சாவை மூன்று விதமாகச் சொல்கிறார். தளபதியிடம் வா என்று சிப்பாய் அழைக்க, கணக்கை முடிக்காமல் வரமாட்டேன் என்றதால் வெட்டப்பட்டார் என்பது ஒன்று. கொல்லவே வந்தவனிடம் கொஞ்சம் பொறு என்று கெஞ்சியும் பயனில்லை என்பது இன்னொன்று. தன் கருவிகளைப் பெட்டியில் தூக்கிப் போனபோது, உள்ளே பொன் இருக்கிறதென்று எண்ணிக் கொன்றார்கள் என்பது மூன்றாவது. மூன்றையும் அருகருகே வைத்துவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். வாசகரை மதிக்கிற எழுத்து இது.

அந்தப் புளூட்டார்க்கின் பெயரைத் தன் நூலுக்குச் சூட்டியவர் நம் கற்பிட்டியில் 1807-ல் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1859-ல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டார்க்' புலவர்களின் வரலாறு. கணித மேதைகளுக்கு அதில் வேலையில்லை. ஆனால் பதிவையும் கற்பனையையும் பிரிக்கிற கண்ணைப் பழக்க அதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியாது. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் தொகுத்து 1834-லேயே 'சிலோன் கெசற்றியர்' வெளியிட்ட, தகவலோடு பழகிய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் புலவர் வரிசையில் அகத்தியரையும் சேர்த்தார், செவிவழிக் கதைகளையும் விடாமல் எழுதினார். எந்த வரி பதிவு, எந்த வரி ஊர்ப்பேச்சு என்று பிரித்துக்கொண்டே அதை வாசித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர் ஈ.டி. பெல். கணித மேதைகளைப் பற்றி 1937-ல் வந்த அவருடைய நூலில், இருபது வயதுக் கணித மேதை எவரிஸ்த் கால்வா 1832 மே 30-ல் துப்பாக்கிச் சண்டைக்குப் போகுமுன், விடியும்வரை தன் கோட்பாட்டைப் பதறிப் பதறி எழுதித் தள்ளுகிறான். வாசித்தால் கண் கலங்கும். ஆனால் அந்தக் கணிதத்தைப் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அவன் முன்பே அனுப்பியிருந்தான். விளங்கவில்லை என்று 1831-ல் அது திரும்பியும் வந்தது. அந்த இரவில் அவன் செய்தது பழைய கட்டுரைகளைத் திருத்தியதும், நண்பன் செவாலியேக்குக் கடிதம் எழுதியதும். டோனி ரொத்மன் 1982-ல் இதை ஆவணங்களோடு எடுத்துக்காட்டினார். பல வருட உழைப்பையும் புறக்கணிப்பையும் ஒரே இரவுக்குள் அடைத்த பெல்லின் காட்சி மேலோட்டமானது. அதை இன்னும் மேடையில் முழங்குகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

சினிமா இன்னும் மோசம். 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்தில் பேராசிரியர்கள் கணித மேதை ஜோன் நாஷின் முன் பேனாக்களை வைத்து வணங்குகிறார்களே, பிரின்ஸ்டனில் அப்படியொரு வழக்கமே கிடையாது. 2015-ல் வந்த இராமானுஜன் படத்தில் அவர் மனைவி ஜானகி வளர்ந்த பெண்ணாக வருகிறார். 1909-ல் திருமணம் நடந்தபோது அவர் பத்து வயதுச் சிறுமி. அந்தச் சங்கடத்தைத் துடைத்துவிட்டு எடுத்த படத்தை 'உணர்வுபூர்வம்' என்று எழுதுகிற விமர்சகர்கள் எதைப் பார்த்தார்கள்? டானியல் கேல்மன் 2005-ல் எழுதிய 'உலகை அளத்தல்' நாவலை எடுங்கள். கணித மேதை காவுஸும் பயண ஆய்வாளர் ஹம்போல்டும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். ஒரு மேற்கோள் குறிகூடக் கிடையாது. 'இது நான் சொல்லும் கதை' என்று ஒவ்வொரு வரியும் ஒத்துக்கொள்கிறது. சிரித்துக்கொண்டே நம்பலாம்.

எனக்கு மிகப் பிடித்ததை இப்போது சொல்கிறேன். நோயாளி இராமானுஜனைப் பார்க்க கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் இலக்கம் 1729. சுவையில்லாத எண் என்றார் ஹார்டி. இல்லை, இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் இராமானுஜன். 1-ம் 1728-ம் ஒரு விதம், 729-ம் 1000-மும் மறு விதம். மின்னல் வெட்டியதுபோல் வந்த பதில் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 1976-ல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் அண்ட்ரூஸ் கண்டெடுத்த தாள்களைப் பார்த்தால் வேறு கதை தெரியும். இரண்டு கனங்கள் கூடி இன்னொரு கனமாகாது என்பது ஃபெர்மாவின் கூற்று. அந்தக் கூட்டு ஒன்றே ஒன்றால் தவறிப்போகும் எண்களை முடிவில்லாமல் தருவிக்கும் வழியை இராமானுஜன் அந்தத் தாள்களில் எழுதியிருக்கிறார். 135-ன் கனமும் 138-ன் கனமும் கூடினால் 172-ன் கனத்துக்கு ஒன்று குறைவு. 9-ன் கனமும் 10-ன் கனமும் கூடினால் 12-ன் கனத்துக்கு ஒன்று அதிகம்: அதுவே 1729. அந்த எண்களோடு அவர் வாழ்ந்திருக்கிறார். ஒரு தாளை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள், கணக்கு வராது என்கிற உங்கள் பேச்சு எங்கே போகிறதென்று பார்ப்போம்.

நம் கரையிலும் இப்படி ஒரு நாவல் எழுதப்படாமல் கிடக்கிறது. 1891-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்த மன்னார் வளைகுடாவுக்கு, காரணம் தேடி 1902-ல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். கூட ஜேம்ஸ் ஹோர்னெல். முத்தின் நடுவே நாடாப்புழுவின் இளம்புழு இருக்கிறதென்று ஹெர்ட்மன் வாதிட்டார். மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தானது என்பது நம்மவர் நம்பிக்கை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி ஒருவரை அந்தப் பேராசிரியரின் படகில் ஏற்றுங்கள், இரவு முழுக்கப் பேசவிடுங்கள். சிப்பிப் பார்களின் பெயரும் ஆழமும் ஹெர்ட்மனின் ஐந்து பாக அறிக்கையிலிருந்து வரட்டும், பேச்சு உங்கள் கற்பனையிலிருந்து வரட்டும். எது எங்கிருந்து வந்ததென்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கற்பிட்டியிலிருந்து யார் எழுதினாலும் முதல் பிரதி எனக்கு வேண்டும்.