ஒரே பசி, இரண்டு முடிவுகள்

மலையாளத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். தமிழ்நாட்டில் ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு நம்மவர்களிடம் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. மலையாளிகள் படித்தவர்கள் என்பது ஒன்று. தமிழர்கள் பக்திமான்கள் என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. குருவாயூருக்கு நடந்து போகிறவனைவிட, அழகர் வருகைக்காகக் கண்விழிக்கும் எங்கள் வண்டியூர்க்காரன் பக்தியில் உயர்ந்துவிடவில்லை.

1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. அவற்றில் பெரும்பகுதி ஆந்திரப் பக்கத்தவை என்பது உண்மையே. ஆனாலும் மதுரை வடக்கில் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957 ஏப்ரலில், 126 இடங்களில் 60-ஐப் பெற்று, சுயேச்சைகள் ஐவரின் துணையோடு கேரளத்தில் இ.எம்.எஸ். முதல் மந்திரியானார். இங்கோ, 1967-ல் காங்கிரஸ் விழுந்தபோது பதவி ஏறியது தி.மு.க.

இதற்கு விடை தேடி நான் இரண்டு நாவல்களிடம் போகிறேன். ஒன்று, 1948-ல் வந்த தகழியின் 'இரண்டிடங்கழி'. மற்றொன்று, 1953-ல் வந்த ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்'. இரண்டும் பசியைப் பற்றியவை. இரண்டும் செங்கொடியின் பக்கம் நின்று எழுதப்பட்டவை.

தகழியின் தலைப்பே குட்டநாட்டுக் கூலியாளுக்கு அளந்து போடும் நெல்லின் அளவுதான். அவருடைய கோரன் புலையன். நிலம் வேறொரு சமூகத்தாரிடம் இருக்கிறது. ஆகவே வயல் வரப்பே அங்கே ஜாதியின் எல்லையாகவும் இருக்கிறது. கோரன் கூலி கேட்கும்போதே 'நானும் மனிதன்' என்றும் சொல்லிவிடுகிறான்.

ரகுநாதன் அம்பாசமுத்திர வட்டாரத்து நெசவாளரை எழுதுகிறார். அங்கே கொழுத்த தாதுலிங்கமும் முதலியார், நொடிந்துபோகும் கைலாசமும் முதலியார். நூல் கிடைக்காமல் தறி ஓய்வதை அவர் காட்டும் இடங்கள் அருமையானவை. ஆனால் சண்டை ஒரே ஜாதிக்குள் பங்காளிச் சண்டைபோல நடக்கிறது. படிக்கிற நமக்கு இரக்கம் வருகிற அளவுக்குக் கோபம் வருவதில்லை. இது ஆசிரியரின் குறையன்று. அவர் தம் ஊரை உள்ளபடி எழுதினார்.

இதிலேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். 1931-ல் குருவாயூர்க் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் செய்த பி. கிருஷ்ண பிள்ளையும் ஏ.கே. கோபாலனும்தாம் பின்னால் கம்யூனிஸ்டுத் தலைவர்களானார்கள். அவமானமும் பசியும் அங்கே ஒரே கொடியின் கீழ் வந்து சேர்ந்தன. நம் பக்கத்தில் ஜாதிக் கோபத்தைச் சுயமரியாதை இயக்கம் 1925 முதலே எடுத்துக்கொண்டது. ஹார்வி மில் வாசலில் சங்கம் கூலியைப் பேசியது. மேடையில் வேறொருவர் மானத்தைப் பேசினார். வோட்டு மானத்துக்குப் போயிற்று.

இதற்குத் தஞ்சாவூரே சாட்சி. பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த அந்த மண்ணில், பி. சீனிவாசராவ் கூலியையும் மானத்தையும் பிரிக்காமல் பேசினார். கட்சி அங்கே வேர் பிடித்தது.

ரஷ்யாவில் 1917-ல் நகரத் தொழிலாளி முந்தினான். சீனத்தில் 1949-ல் கிராமம் நகரத்தைச் சூழ்ந்து பிடித்தது. வழிகள் வேறானாலும், வென்றவர்கள் ஜனங்களின் முதல் வலி எதுவென்று கண்டு, அதை முதலில் பேசினார்கள்.

கேரளத்து மந்திரிசபையை 1959 ஜூலை 31-ல் டில்லி கலைத்தது. நிலத்தைத் தொட்டதும் கல்வியைத் தொட்டதும் பலருக்குப் பொறுக்கவில்லை. பதவி போனாலும் 'இரண்டிடங்கழி' நிற்கிறது. 'பஞ்சும் பசியும்' நாவலும் நிற்கிறது. மதுரை வாக்காளர்கள் 2019-லும் 2024-லும், கூட்டணி பலத்தோடுதான் என்றாலும், சு. வெங்கடேசன் என்ற கம்யூனிஸ்டு நாவலாசிரியரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊருக்குச் செங்கொடி அன்னியமல்ல. கூலிக் கணக்கோடு நின்றுவிட்டால் அது ஆட்சியைப் பிடிக்காது என்பதைத் தகழியின் கோரன் 1948-லேயே சொல்லிவிட்டான். அரசியல்வாதிகள் நாவல் படிப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.