பூட்டு உடைந்த பின் சாவி யாரிடம்?

2023-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள், ஆய்லர் என்னும் கணினிவழிக் கடன் அமைப்பிலிருந்து ஏறத்தாழ 19.7 கோடி டாலர் மதிப்புள்ள மின்பணம் சில நிமிடங்களில் வெளியேறியது. பெயர் கணித மேதையினுடையது. பிழையோ ஒரு சிறிய சரிபார்ப்பை எழுத மறந்த பிழை. மூன்று வாரங்கள் கழிந்தன. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், மீட்கக்கூடிய பணம் முழுவதும் வந்து சேர்ந்துவிட்டதாக அமைப்பினர் அறிவித்தனர். எந்தக் காவல்துறையும் அதைக் கைப்பற்றித் தரவில்லை. எடுத்தவரே திருப்பிக் கொடுத்தார்.

இதனை ஒரு வெற்றிக் கதையாகவே பலரும் சொல்கின்றனர். பணம் இழந்து பெற்றவர்களுக்கு அது வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இத்தகைய அமைப்புகளைப் பற்றி வகுப்பில் ஒருநாள் பேச்சு வந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "நடுவில் யாருமே இல்லை என்றால், பணம் போனால் யாரிடம் சார் போய்ச் சொல்வது?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவு தரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில நிகழ்ச்சிகளை இங்கே ஆராய்வோம்.

முதலில், நடுவில் யாருமில்லை என்பதன் பொருள் என்ன? வங்கியில் நம் கணக்கு வங்கியின் பேரேட்டில் உள்ளது. பிளாக்செயின் முறையில் அப்பேரேடு ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே வடிவில் எழுதப்படுகிறது. கடன் கொடுப்பது, வட்டி கணக்கிடுவது, ஈட்டை விற்பது ஆகிய வேலைகளை அப்பேரேட்டின் மேல் இயங்கும் நிரல்களே செய்கின்றன. மேலாளர் இல்லை, தரகர் இல்லை. இதற்குத்தான் மையமற்ற நிதி என்று பெயர். சுருக்கமாக டீஃபை என்பார்கள். எழுதப்பட்ட பதிவை அழிக்க முடியாது. தண்ணீரில் கரைந்த மைத்துளியைத் திரும்பத் துளியாக்க முடியாதது போல, நடந்த பரிமாற்றம் நடந்ததுதான். "நிரலே சட்டம்" என்பது இத்துறையினரின் பழைய முழக்கம்.

அந்த முழக்கம் 2016-இலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. எத்தீரியம் பேரேட்டின் மேல் "தி டாவோ" என்ற கூட்டு முதலீட்டு நிதி அமைக்கப்பட்டு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15 கோடி டாலர் திரட்டப்பட்டது. அதன் நிரலில் ஒரு குறை. பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, இருப்பைக் கழித்து எழுதுவதை அடுத்ததாகச் செய்தது. காசாளர் ரூபாயை நீட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுக்கும் முன்பே, அதே ஆள் மீண்டும் சீட்டை நீட்டினால்? ஜூன் 17-ஆம் நாள் ஒருவர் அப்படியே திரும்பத் திரும்பக் கேட்டு 36 லட்சம் ஈதரை எடுத்துவிட்டார். ஆயினும் நிதியின் விதிப்படி, எடுத்த பணத்தை ஏறத்தாழ நான்கு வாரங்கள் வெளியே கொண்டுசெல்ல முடியாது. அந்த இடைவெளியில் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. நல்லெண்ணம் கொண்ட நிரலர் குழு ஒன்று அதே ஓட்டை வழியாக மீதிப் பணத்தை எடுத்துப் பத்திரப்படுத்தியது. ஜூலை 20-ஆம் நாள், 19,20,000-ஆவது தொகுதியில், பேரேட்டையே மாற்றி எழுதி முதலீட்டாளர்கள் தம் பணத்தைத் திரும்பப் பெற வழி செய்தனர். அதை ஏற்காதவர்கள் பழைய பேரேட்டையே தொடர்ந்தனர். அது எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அழிக்க முடியாதென்ற பேரேட்டைப் போதுமான பேர் ஒப்புக்கொண்டால் மாற்ற முடியும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

இப்போது ஆய்லருக்கு வருவோம். அதில் ஈடு வைத்துக் கடன் வாங்கலாம். வாங்கியதையே மறுபடி ஈடாக்கி மேலும் வாங்கலாம். ஈட்டின் மதிப்பு கடனைத் தாங்காத நிலைக்கு இறங்கிவிடக் கூடாது என்பதால், ஒவ்வொரு செயலின் முடிவிலும் நிரல் ஒரு சோதனை செய்யும். ஆனால் பின்னாளில் சேர்த்த ஒரு வசதியில் மட்டும் அச்சோதனையை எழுதவில்லை. ஒருவர் தம் இருப்பில் ஒரு பகுதியை அமைப்பின் பொதுச் சேமிப்புக்கு நன்கொடையாகத் தரும் வசதி அது. நன்கொடை தருபவரைச் சந்தேகிப்பானேன் என்று நினைத்தார்கள் போலும்! தாக்கியவர் முதலில் மின்னல் கடன் வாங்கினார். ஒரே பரிமாற்றத்துக்குள் வாங்கித் திருப்ப வேண்டிய கடன் இது. திருப்பாவிட்டால் பரிமாற்றமே நடக்காததாகிவிடும் என்பதால் ஈடு கேட்பதில்லை. அப்பணத்தைக் கடன்மேல் கடனாகப் பெருக்கினார். பிறகு இருப்பில் பெரும்பகுதியை நன்கொடையாகக் கொடுத்துத் தம் கணக்கைத் தாமே திவாலாக்கினார். திவாலான கணக்கின் ஈட்டைத் தள்ளுபடி விலையில் வாங்க நிரல் இடம் தரும். வாங்கியவரும் அவரே, வேறொரு கணக்கிலிருந்து.

மீட்பு வேலை எப்படி நடந்தது? பிழையுள்ள பகுதியை உடனே முடக்கினார்கள். அதாவது முடக்கும் சாவி யாரோ சிலரிடம் இருந்தது. ஆங்கிள் போன்ற பிற அமைப்புகள் தம் வைப்பாளர்களின் பணத்தை ஆய்லரில் போட்டிருந்தன. அவையும் கதவை மூடின. பணம் போகும் வழியைத் தொடரும் நிறுவனங்களும், அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளும் அழைக்கப்பட்டனர். பேரேட்டில் ஒரு பரிமாற்றத்தோடு சிறு குறிப்பு எழுதி அனுப்ப முடியும். அதையே அஞ்சல் பெட்டியாக்கித் தாக்கியவருக்குக் கடிதம் எழுதினார்கள்: பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தந்துவிடு, இல்லையேல் உன்னைப் பிடித்துத்தர உதவும் தகவலுக்கு 10 லட்சம் டாலர் பரிசு. பணம் இழந்த தனி மனிதர்களும் அதே வழியில் மன்றாடி எழுதினார்கள். மார்ச் 18-ஆம் நாள் 3,000 ஈதர் திரும்பியது; பிறகு பெருந்தொகைகள்; இடையே மன்னிப்புக் கேட்கும் செய்தி.

பணம் வந்ததோடு வேலை முடியவில்லை. இதைத்தான் வெற்றிக் கதைகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. போனது பல வகை டோக்கன்கள். வந்தது வேறு விகிதத்தில். இடையில் ஈதரின் விலையும் ஏறிவிட்டது. எந்த நாளின் விலையில் ஒருவரின் பங்கைக் கணிப்பது? கடனும் வைப்பும் ஒருங்கே உடையவர் எவ்வளவு பெறுவார்? இவை நிரலில் விடை எழுதப்படாத கேள்விகள். ஒரு திட்டம் வரைந்து, முன்வைத்து, ஏப்ரல் 12-ஆம் நாள்தான் திருப்பித் தரத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தை நான் குறைகூறவில்லை. வங்கி ஒன்று முறிந்தால் நீதிமன்றம் நியமிக்கும் அலுவலர் செய்யும் வேலையை இங்கே ஒரு சில தனியார் செய்தனர் என்பதையே சொல்கிறேன். அந்தச் சிலர் யார், அவர்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது பணம் போடும் நாளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

"உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்வார்கள்" என்பது வழக்கமான விடை. அதன் தரத்தை மேங்கோ மார்க்கெட்ஸ் காட்டியது. 2022 அக்டோபர் 11-ஆம் நாள், அவ்ராஹாம் ஐசன்பெர்க் என்பவர் அவ்வமைப்பின் சொந்த டோக்கனின் விலையைத் தாமே சில நிமிடங்களில் பன்மடங்கு ஏற்றி, ஏறிய விலையை ஈடாகக் காட்டி, 11 கோடி டாலருக்கு மேல் கடனாக எடுத்துக்கொண்டார். அமைப்பில் டோக்கன் வைத்திருப்பவருக்கே வாக்கு. எடுத்த பொருளில் டோக்கன்களும் இருந்தன. எனவே, அமைப்பின் கருவூலத்திலிருந்தே கடனை அடைக்க வேண்டும், தம்மீது குற்ற நடவடிக்கை கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்து, எடுத்த டோக்கன்களைக் கொண்டே அதற்கு வாக்கும் அளித்தார்! அத்தீர்மானம் தோற்றது. அடுத்த தீர்மானம் வென்றது, அதன்படி 6.7 கோடி திரும்பியது, 4.7 கோடி அவரிடமே தங்கியது. பணம் இழந்தவர்கள் மனமுவந்து வாக்களித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கழுத்தில் கத்தி இருக்கும்போது எடுத்த வாக்கெடுப்பு அது. 2022 டிசம்பரில் அவர் கைதானார். 2024 ஏப்ரலில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2025 மே மாதம் நீதிபதி அத்தீர்ப்பை ரத்து செய்தார். மேங்கோ 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது.

அதே 2025 மே 22-ஆம் நாள், சுயி என்னும் பேரேட்டிலுள்ள செட்டஸ் பரிமாற்று அமைப்பிலிருந்து ஏறத்தாழ 22 கோடி டாலர் போயிற்று. காரணம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் காணும் வகையைச் சேர்ந்தது: அளவியின் எல்லையைத் தாண்டிய அளவு. நான்கு இலக்க எண்ணி 9999-க்குப் பின் 0000 காட்டும். அது போன்ற மிகுதியைத் தடுக்க எழுதிய சோதனையில் எல்லை எண்ணே தவறாக இருந்ததால், மிகச் சிறு வைப்புக்கு மாபெரும் பங்கு எழுதப்பட்டது. இங்கே சரிபார்ப்பு நிலையங்களை நடத்துவோர் ஒன்றுசேர்ந்து, தாக்கியவரின் கணக்கிலிருந்து வரும் பரிமாற்றங்களை ஏற்க மறுத்தனர். 16 கோடி டாலர் அப்படியே உறைந்தது. பிறகு வாக்கெடுப்பில் 90.9 விழுக்காட்டினர் ஆதரிக்க, அப்பணம் தாக்கியவரின் கையொப்பம் இன்றியே மீட்கப்பட்டது. ஏற்கெனவே வேறு பேரேட்டுக்குக் கடந்துவிட்ட பகுதியை ஈடுகட்ட சுயி அறக்கட்டளை கடன் கொடுத்தது.

திருடனின் பணத்தை உறையவைத்தது நல்லதே. நானாக இருந்தாலும் ஆதரித்திருப்பேன். ஆனால் ஒருவரின் கணக்கை உறையவைக்க முடியும் என்றால் எவருடைய கணக்கையும் உறையவைக்க முடியும். அவ்வாற்றல் இல்லை என்று சொல்லி வைப்புகளை ஈர்ப்பதும், இடர் வந்தபோது அதைப் பயன்படுத்துவதும் நேர்மையாகுமா? அழுத்தக் கொதிகலனில் பாதுகாப்புத் திறப்பி எவ்வளவு அழுத்தத்தில் திறக்கும் என்பதைக் கலத்தின் மேலேயே பொறித்திருப்பார்கள். வெடித்த பிறகு திறப்பியின் இடத்தை விவாதிக்கும் பொறியாளரை நாம் பாராட்டுவதில்லை.

பத்தில் ஒரு பங்கு பேரமும் என்னை உறுத்துகிறது. தனித்த ஒரு நிகழ்ச்சியில் அது அறிவுடைய பேரம்தான்; ஒன்றும் வராமற் போவதினும் தொண்ணூறு விழுக்காடு மேல். 2023 ஜூலையில் கர்வ் அமைப்பின் சில நிதிக்குளங்கள் தாக்கப்பட்டபோதும் அதே பத்து விழுக்காடுதான் முன்வைக்கப்பட்டது. இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் அது ஒரு விலைப்பட்டியலாகிவிடுகிறது. பிழையைக் கண்டு முன்கூட்டியே சொல்லும் நேர்மையான நிரலருக்குக் கிடைக்கும் பரிசைவிட, எடுத்துவிட்டுப் பேரம் பேசுபவரின் பங்கு பெரிதாக இருக்கும்போது, இளம் நிரலர்கள் எந்தப் பாடத்தைக் கற்பார்கள்?

மாற்று முயற்சி ஒன்று தொடங்கியுள்ளது. செக்யூரிட்டி அலையன்ஸ் என்னும் குழுவினர் 2024-இல் ஒரு மாதிரி ஒப்பந்தம் வெளியிட்டனர். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது பணத்தைக் காப்பாற்ற நுழையும் நல்லெண்ணக்காரர் அதை எந்த முகவரியில் ஒப்படைக்க வேண்டும், அவருக்கு என்ன பரிசு என்பவற்றை, அதில் சேரும் அமைப்புகள் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றன. 2016-இல் அவசரத்தில் செய்ததற்கு இப்போது எழுத்து வடிவம் கிடைத்திருக்கிறது. ஆனால் இது மீட்பவருக்கும் அமைப்புக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமே. மீளாத பணத்தின் இழப்பை யார் எந்த விகிதத்தில் தாங்குவது, முடக்கும் சாவியை வைத்திருக்கும் ஐந்தாறு பேர் யார் என்னும் இரண்டு வரிகளை வைப்பாளர் கையெழுத்திடும் பக்கத்தில் சேர்க்க அது எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. என் மாணவருக்கு இனி நான் தரப்போகும் பதில், அந்த இரண்டு வரிகளைக் கேட்டு வாங்கிய பிறகு பணம் போடு என்பதே.