‘நாட் ஓகே’ வரியைப் படிக்கும் கலை

ஊட்டி ராஜ்பவனுக்குப் பக்கத்தில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே கிரேப்ஸ்-3 திட்டத்தின் 3,712 கருவிகள் வானிலிருந்து இறங்கும் மியூவான்களை இரவு பகலாக எண்ணுகின்றன. 2015 ஜூன் 22 அன்று அந்த எண்ணிக்கை எகிறி, இரண்டு மணி நேரம் இறங்கவில்லை. சூரியப் புயலால் பூமியின் காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்ததே காரணம் என்று 2016இல் அந்தக் குழு எழுதியது. அதற்கான கணக்குகளைப் போட்டது, ஆய்வகத்தார் தாங்களே கட்டிய 1,280 கோர் கணினித் தொகுதி.

இப்படிப் பல நூறு கோர்கள் ஒரே தரவைக் கேட்கிற இடங்களுக்காகப் பிறந்ததுதான் பேரலல் ஃபைல் சிஸ்டம். பல சர்வர்களின் டிஸ்குகளைச் சேர்த்து, ஒரே டைரக்டரியாகக் காட்டும். உள்ளே எத்தனை சர்வர் இருந்தாலும் புரோகிராமுக்குத் தெரிய வேண்டியதில்லை. 1988இல் வந்த பாசிக்ஸ் தரநிலையின் விதிகள் காப்பாற்றப்பட்டால் போதும். ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொருவர் அழித்தாலும், முதலாமவர் மூடும்வரை உள்ளடக்கம் போகக்கூடாது. பெயர் மாற்றம் பாதியில் நிற்கக்கூடாது. இந்த விதிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதள உலகைச் சேர்ந்த பாவெல் யாகுப் டாவிடெக் எழுதிய பிஜேடிஎஃப்எஸ்டெஸ்ட் தொகுப்பில் இன்று எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட டெஸ்டுகள் உண்டு. தோற்ற டெஸ்ட் ஒரே வரியில் பேசும்: ‘நாட் ஓகே’, எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது.

அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவரின் வேலையை ஒரு கலையாகவே நான் ரசிக்கிறேன். குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலையைச் சுவைப்பவர், ஒரே மிடறில் குறை வாட்டியதிலா உலர்த்தியதிலா என்று சொல்வார். ‘நாட் ஓகே’ வரியைப் படிப்பவர்களும் அப்படித்தான். எத்தனை தோற்றது என்று முதலில் கேட்பதில்லை. எவையெல்லாம் சேர்ந்து தோற்றன என்று பார்க்கிறார்கள். உரிமை மாற்றும் டெஸ்டுகள் மொத்தமாக ‘அனுமதி இல்லை’ என்று விழுந்தால், சர்வர் ரூட் பயனரைச் சாதாரண ஆளாக இறக்கி வைத்திருக்கலாம்; அது நிர்வாகியின் அமைப்பு, ஃபைல் சிஸ்டத்தின் பிழை அல்ல. அதே தொகுப்பை அந்தக் கணினியின் சொந்த டிஸ்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கேயும் தோற்றால் சந்தேகம் டெஸ்டின் மேலோ கெர்னலின் மேலோ திரும்பும்.

இந்தக் கலையின் செழிப்பான களம் க்ளஸ்டர்எஃப்எஸ். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி 2005இல் தொடங்கிய க்ளஸ்டர் நிறுவனத்தின் படைப்பு இது. 2011இல் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை வாங்கியது. எந்தக் கோப்பு எங்கே என்று குறித்து வைக்கும் தனி சர்வர் இதில் இல்லை. கோப்பின் பெயரிலிருந்தே கணக்குப் போட்டு இடம் கண்டுபிடிக்கும். அப்படியானால் பெயர் மாறினால்? கணக்கு வேறு சர்வரைக் காட்டும், தரவோ பழைய இடத்திலேயே இருக்கும். அதனால் புது இடத்தில் வழிகாட்டியாக ஒரு காலிக் கோப்பை வைக்கிறது. பெயர் மாற்றும் டெஸ்ட் விழுந்தால், விவரம் தெரிந்தவர் அந்த வழிகாட்டியைத்தான் தேடிப் போவார்.

நேரத்தின் கதை இன்னும் நுட்பமானது. க்ளஸ்டர்எஃப்எஸ்ஸில் ஒரே கோப்பின் பிரதிகள் இரண்டு சர்வர்களில் இருக்கலாம். ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி நேரம் குறிக்கும். முதல் முறை ஒரு சர்வரும் அடுத்த முறை மற்றதும் பதில் சொன்னால், யாருமே தொடாத கோப்பைப் பார்த்து ‘படிக்கும்போதே மாறிவிட்டது’ என்று, கோப்புகளைக் கட்டாகச் சேர்க்கும் டார் கட்டளை முறையிடும். பலரை அலைக்கழித்த முறையீடு இது. கேட்கும் கணினியின் நேரத்தையே எல்லாப் பிரதிகளிலும் ஒன்றுபோல் பதிக்கும் வசதி 2018இல் வந்தது. அதன் பிறகு அந்தக் கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போவது கட்டாயமாயிற்று.

க்ளஸ்டர்எஃப்எஸ்ஸின் அடுக்கு அமைப்பும் பிழை தேடுபவருக்குத் துணை. வேகத்துக்காகச் சேர்த்த அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, அதே டெஸ்டைத் திரும்ப ஓட்டலாம். எந்த அடுக்கு போனதும் டெஸ்ட் தேறுகிறதோ, தேட வேண்டிய இடம் அது. எல்லாம் அணைத்தும் தோற்றால், ஃபைல் சிஸ்டத்தைக் கணினியில் இணைக்கும் மவுண்டைப் பார்க்க வேண்டும். கோப்பின் விவரங்களை ஒரு நொடி நினைவில் வைத்திருப்பது அங்கே இயல்பான அமைப்பு. அந்த ஒரு நொடிக்குள் கேட்ட கேள்விக்குப் பழைய பதில் வரும்.

என் மதிப்பில் இந்தக் கலையின் உச்சம் நேர்மை. தோற்ற டெஸ்டைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டால் எல்லாம் பச்சையாகிவிடும். நல்ல கைகள் அதைச் செய்வதில்லை. செஃப்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் தன் ஆவணத்திலேயே பாசிக்ஸிலிருந்து தான் விலகும் இடங்களை எழுதி வைத்திருக்கிறது. காக்க முடியாத விதியை அப்படி ஒப்புக்கொள்வது, காப்பதற்கு அடுத்தபடியான மரியாதை. உங்கள் சர்வரில் ஒரு ‘நாட் ஓகே’ வந்தால் அதை அணைக்க அவசரப்படாதீர்கள். எந்த விதி, எங்கே, யாரால் முறிந்தது என்று படித்து, கண்டதை அடுத்து வருபவருக்காக எழுதி வையுங்கள்.