பல்கலைக்கழக இணையதள வெளியீட்டு விதிகளும் தமிழ் ஆய்வேடுகளும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஆய்வேடு என்பது பட்டத்திற்குரிய சான்று மட்டுமன்று. அதே பொருளில் பின்வரும் ஆய்வாளர் எவ்விடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டும் எல்லைக்கல்லும் ஆகும். நெடுங்காலம் தமிழ் ஆய்வேடுகள் தட்டச்சுப் படிகளாகப் பல்கலைக்கழக நூலகங்களுக்குள் அடங்கிக் கிடந்தன. மதுரையில் ஏற்கப்பட்ட ஓர் ஆய்வேட்டைத் தில்லியிலோ, அலிகாரிலோ, திருவனந்தபுரத்திலோ, குப்பத்திலோ உள்ள தமிழாய்வாளர் காண வேண்டுமாயின் நேரில் செல்வதன்றி வேறு வழியில்லை. இந்நிலையை மாற்றும் நோக்குடன் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த மின்வெளியீட்டு விதிகள் தமிழாய்வுக்கு எந்த அளவிற்குத் துணைநிற்கின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

விதிகளின் வளர்ச்சி

முனைவர், ஆய்வியல் நிறைஞர் பட்டங்களுக்கான 2009ஆம் ஆண்டு விதிகள், பட்டம் அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் ஆய்வேட்டின் மின்படியை மானியக் குழுவிற்கு அனுப்ப வேண்டும் என்றன. அப்படி, ‘இன்ஃப்லிப்நெட்’ மையத்தின் வழி எல்லா நிறுவனங்களுக்கும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. 2016ஆம் ஆண்டு விதிகள் இவ்வரிசையை மாற்றின. மதிப்பீடு முடிந்தபின், பட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே மின்படி மையத்தைச் சேர வேண்டும் என்றாயிற்று. பட்டத்திற்குப் பிந்தைய நடைமுறையாக இருந்தது இதனால் பட்டத்திற்கு முந்தைய கடப்பாடாயிற்று. காந்திநகரிலுள்ள அம்மையம் நடத்தும் ‘ஷோத்கங்கா’ களஞ்சியம் இவ்விதிகளின் நேர்விளைவாகும்.

விதிகளின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் அவை ‘மின்படி’ என்று கூறி அமைந்தனவேயன்றி, அம்மின்படி எத்தன்மையதாக இருத்தல் வேண்டும் என்பதை மொழிநோக்கில் வரையறுக்கவில்லை. ஆங்கிலத்தில் தட்டச்சான ஆய்வேட்டிற்கு இவ்வரையறை பெரிதும் தேவைப்படாது. தமிழ் ஆய்வேட்டிற்கோ அதுவே முதற்றேவை.

எழுத்துருவும் தேடலும்

கோப்பைக் களஞ்சியத்தில் ஏற்றுதலும் வெளியிடுதலும் ஒன்றல்ல. தேடுவோர்க்குக் கிட்டாத பனுவல், பூட்டிய பேழையில் உள்ள ஏட்டுக்கு நிகரானதே. தமிழ் மின்படிகள் இந்நிலையை மூன்று வகையில் எய்துகின்றன.

முதலாவது, அச்சுப்படியை வருடி எடுத்த படக்கோப்பு. இதில் எழுத்து என்பதே இல்லை. எழுத்தின் படமே உண்டு. பார்வைக் குறையுடைய ஆய்வாளர் பயன்படுத்தும் திரைபடிப்பான் இதனைப் படிக்க இயலாது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016 வலியுறுத்தும் அணுகல் இங்குப் பெயரளவினதாகிறது.

இரண்டாவது, பழைய குறியாக்கம். ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் திரையில் தமிழாகத் தோன்றுவது கணினிக்குள் உரோமன் எழுத்துகளாகவே பதிவாகியிருக்கும். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களையும், 2010இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருத் தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. இவ்விடைக்காலத்து ஆய்வேடுகள் பல்வேறு குறியாக்கங்களில் சிதறியுள்ளன.

மூன்றாவது, ஒருங்குறியில் தட்டச்சாகியும் கோப்புமாற்றத்தில் சிதைவது. ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே தோன்றினும் ஒருங்குறியில் ககரமே முதலில் நிற்கும். பி.டி.எஃப் கோப்பில் காட்சி வரிசையே பதிவாகிவிடின் ‘கொன்றை’ என்று தேடுவோர்க்கு அச்சொல் அகப்படாது. கண்ணால் படிப்போர்க்கு இக்குறை தெரியாமையால், சரிபார்ப்பிலும் இது நழுவிவிடுகிறது.

தரவுக்குறிப்பும் பாயிர மரபும்

முழுப்பனுவலில் தேட இயலாதபோது தரவுக்குறிப்பே துணை. இணையக் களஞ்சியங்களில் பரவலாக வழங்கும் ‘டப்ளின் கோர்’ முறை, ஆக்கியோர், தலைப்பு, பொருள், மூலம், எல்லை, மொழி முதலாகப் 15 கூறுகளைக் கொண்டது. நன்னூல் சிறப்புப் பாயிரத்திற்குக் கூறும் இலக்கணத்தோடு இதனை ஒப்புநோக்கலாம். நூலாசிரியர், நூற்பெயர் ஆகியவற்றோடு, நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நுவலும் பொருள், கேட்டற்குரியார், பயன் ஆகியவற்றையும் பாயிரம் உரைக்க வேண்டும் என்பது அவ்விலக்கணம். நூலுக்குள் புகுமுன் அதன் தன்மையை அறிவிக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

இம்மரபுடைய மொழியின் ஆய்வேடுகள் உரோமன் எழுத்துத் தலைப்போடு மட்டும் பதிவாவது முரணாகும். ‘சிலப்பதிகாரம்’ என்பதை ஒருவர் ‘எஸ்’ எழுத்திலும் மற்றொருவர் ‘சி’ எழுத்திலும் தொடங்குவர். தகரத்தைத் ‘டி’ எழுத்தால் குறிப்பாரும் உளர், ‘டிஎச்’ எழுத்துகளால் குறிப்பாரும் உளர். ஒரு நூலைப் பற்றிய ஆய்வுகள் பல பெயர்களின்கீழ்ப் பிரிந்துவிடுகின்றன. முன்னாய்வு இல்லை என்று நம்பி அதே பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ளும் மாணவர், பல்லாண்டு உழைப்பை இழக்க நேரிடும்.

ஒப்புமைச் சோதனையின் எல்லை

கருத்துத் திருட்டைத் தடுக்கும் 2018ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிக்கவில்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என மூன்று நிலைகளாகத் தண்டனையைப் பகுத்துள்ளன. மூன்றாம் நிலையில் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும். ஆனால் மென்பொருள் தான் படிக்க இயன்றவற்றோடு மட்டுமே ஒப்பிடும். படக்கோப்பாகவும் பழைய குறியாக்கமாகவும் உள்ள ஆய்வேடுகள் அதன் பார்வைக்கு வாரா. அவற்றிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தெழுதினும் ஒப்புமை குறைவாகவே காட்டப்படும். குறைந்த விழுக்காடு நேர்மைக்குச் சான்றாகவும் கொள்ளப்படும்.

மாறாக, உரிய சான்றுடன் காட்டிய மேற்கோள்களை விதிகள் விலக்கியுள்ளன எனினும், செய்யுளடிகளை மேற்கோள் குறியின்றி உள்தள்ளி எழுதும் தமிழ் ஆய்வேட்டு மரபை மென்பொருள் உணராதுபோகலாம். சங்கப் பாடலை முறையாகச் சான்று காட்டியவர் ஐயத்திற்கு ஆளாவதும், பிறர் ஆய்வைக் கவர்ந்தவர் தப்புவதும் ஒருங்கே நிகழ வாய்ப்புண்டு. வெளியீட்டுத் தரம் சீர்படாமல் நேர்மை விதி நடுவுநிலையாக இயங்காது என்பது இதனால் பெறப்படும்.

தகவலாளர் பட்டியல்

எல்லாவற்றையும் திறந்து வைத்தலும் தீர்வாகாது. நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளரின் பெயர், வயது, சாதி, தொழில், ஊர் ஆகியன இடம்பெறுவது வழக்கம், ஒளிப்படங்களும் சேர்வதுண்டு. பாடலோ, வழிபாட்டு முறையோ, சாதிப்பூசல் பற்றிய கதையோ கூறிய அம்மக்கள், தம் பெயர் நூலக அடுக்கைக் கடந்து உலகெங்கும் செல்லும் என அறிந்து இசைந்தவரல்லர். ஆய்வேட்டு விதிகள் இதுபற்றி எதுவும் கூறவில்லை. பின்னிணைப்பையே நீக்குதலும் ஏற்புடைத்தன்று. தகவலாளரே அவ்வழக்காற்றின் சான்றாவார். எனவே நூலகப்படியில் முழுப்பட்டியலும், இணையப்படியில் இசைவு தந்தோர் பெயரும் இடம்பெறுதல் தகும். பிறரைக் குறியீட்டு எண்ணால் சுட்டலாம்.

முடிவுரை

மின்வெளியீட்டைக் கட்டாயமாக்கியது இவ்விதிகளின் சிறப்பு. அதன் தன்மையை வரையறுக்காமை அவற்றின் குறை. இக்குறையை நீக்க மானியக் குழுவின் திருத்தத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருங்குறியில் அமைந்த மூலக்கோப்பையும் பி.டி.எஃப் படியோடு பெறுதல், ஏற்றும் முன் கோப்பிலிருந்து சில தொடர்களைப் படியெடுத்துத் தேடிப் பார்த்தல், தலைப்பையும் ஆய்வுச்சுருக்கத்தையும் தமிழ் எழுத்திலும் பதிதல், தகவலாளர் இசைவுக்குப் படிவம் வகுத்தல் ஆகியவற்றை ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன் அளவில் நடைமுறைப்படுத்தலாம்.

2022ஆம் ஆண்டு விதிகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்திவிட்டன. தனியொரு சிற்றிலக்கியம், ஒரு வட்டத்து ஊர்ப்பெயர்கள், ஓர் எழுத்தாளரின் சிறுகதைகள் என நுண்பொருள்களை ஆராய்ந்த அவ்வரிசை ஆய்வேடுகள் இனிப் புதிதாக எழுதப்படமாட்டா. பல தட்டச்சுப் படியாகவே எஞ்சியுள்ள அவற்றை எழுத்துணரி கொண்டு மின்மயமாக்கி, மெய்ப்புப் பார்த்து வெளியிடுதல் துறைகளின் முதற்பணியாதல் வேண்டும்.