கல் வட்டமும் கறுப்பு ரொட்டியும்

ரொட்டி சுடுவதை ஒரு கலையாகப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் அடுப்பின் வாயிலோடு தங்கள் ரசனையை நிறுத்திக்கொள்கிறார்கள். மாவின் பக்குவத்தையும் புளிப்பின் அளவையும் மேல்தோலின் நிறத்தையும் பற்றி நாழிகைக் கணக்காகப் பேசக்கூடிய நல்ல ரசிகர்கள்கூட, சுட்டெடுத்த ரொட்டி பிறகு எங்கே வைக்கப்பட்டது, எத்தனை மாதம் இருந்தது, எலியின் வாய்க்குப் போகாமல் அதைக் காத்த சாமர்த்தியம் யாருடையது என்று விசாரிப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் சுடுவது பாதிக் கலை. காப்பது மற்றப் பாதி. இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி இணைந்து பூரணம் பெற்ற இடம் ஒன்றைச் சொல்லவேண்டுமானால், ஸ்விட்ஸர்லாந்தின் தென்மேற்கே ரோன் நதியின் மேல் பள்ளத்தாக்கில் அமைந்திருக்கும் வாலே மாநிலத்தையே தயங்காமல் சொல்வேன்.

வாலே மழை குறைந்த நாடு. வடக்கிலும் தெற்கிலும் நாலாயிரம் மீட்டரைக் கடந்த சிகரங்கள் நின்று மேகங்களைத் தடுத்துவிடுவதால், அதன் தலைநகரான சியோனில் ஆண்டொன்றுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. மலைச்சரிவுகளில் கட்டிய படிவயல்களுக்குப் பனியாறுகள் உருகிவரும் நீரை, பாறை விளிம்புகளை ஒட்டி நெடுந்தூரம் ஓடும் வாய்க்கால்களில் கொண்டுவந்து பாய்ச்சியே அந்த மக்கள் பயிர் செய்தார்கள். கோதுமைக்கு ஒவ்வாத அந்த உயரங்களில் குளிரையும் மெலிந்த மண்ணையும் பொறுத்துக்கொண்டு விளைந்து அவர்களுடைய முக்கிய ஆகாரமானது ரை என்னும் தானியம். செர்மாட்டுக்கு மேலே ஃபிண்டெல்ன் என்ற சிற்றூரில், கடல் மட்டத்துக்குச் சுமார் 2000 மீட்டர் உயரத்தில்கூட ரை வயல்கள் இருந்தன.

அந்த ரையினால் ஆனதை வீட்டு ரொட்டி என்று சொல்லும்போது ஒரு விளக்கம் அவசியமாகிறது. மாவு வீட்டு மாவு. பிசைந்த கைகள் வீட்டுக் கைகள். அடுப்பு மாத்திரம் ஊருக்குப் பொது. விறகு அருமையான மலைநாட்டில் வீட்டுக்கு வீடு பெரிய அடுப்பு எரிப்பது கட்டுப்படியாகாது என்று கண்ட கிராமத்தார், பொதுவில் ஒரு கல்லடுப்பைக் கட்டி, ஆண்டில் இரண்டு அல்லது மூன்று முறை மாத்திரம் அதை மூட்டி, அந்தச் சில நாள்களுக்குள் ஊர் முழுவதற்கும் வேண்டிய ரொட்டியை ஒரு குடும்பத்துக்குப் பின் மற்றொரு குடும்பமாக, இரவென்றும் பகலென்றும் பாராமல் சுட்டெடுத்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் சில்லிட்டுக் கிடந்த கற்களை முதலில் சூடேற்றுகிறவனுக்கு மற்றவர்களைவிட விறகுச் செலவு மிக அதிகம். ஆகையால் அந்த முதல் முறை யாரைச் சேரும் என்பதைச் சீட்டுப் போட்டோ முறை மாற்றியோ தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இத்தகைய ஊரடுப்புகளில் இருந்தது. ஒரே அடுப்பிலிருந்து பல வீட்டு ரொட்டிகள் வெளிவரும்போது இது இன்னார் வீட்டது என்று தெரியவேண்டுமல்லவா? அதற்காக மரத்தில் செதுக்கிய முத்திரை ஒன்றைப் பச்சை மாவின்மேல் பதித்தார்கள். ஒரு சிலுவையோ நட்சத்திரமோ இரண்டெழுத்தோ செதுக்கிய, உள்ளங்கையில் அடங்கும் மரக்கட்டைதான் அது. ஆயினும் தன் பெயரைத் தான் உண்ணும் உணவின்மேலேயே எழுதிவைக்கும் அந்தப் பழக்கத்தில், உழைப்புக்கு மனிதன் செய்யும் மரியாதை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆறு மாதம் இருக்கவேண்டிய ரொட்டியை, அன்றே தின்று தீர்க்கப்போகும் ரொட்டியைப்போல் செய்ய முடியாது. கோதுமை மாவைப் பிசைந்தால் ஜவ்வுபோல் இழுபடும் ஒரு பசை உண்டாகி, நொதிக்கும்போது எழும் காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு ரொட்டியை உப்பச் செய்கிறது. ரையில் அந்தப் பசை சரிவர அமைவதில்லை. அதற்குப் பதிலாக அதன் நாரிலுள்ள ஒருவகைக் கோந்து, தண்ணீரை ஏராளமாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. மேலும், ரையில் இயற்கையாகவே உள்ள நொதிகள் அடுப்புச் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ரொட்டியின் உள்ளே களிபோல் குழைவாக்கிவிடப் பார்க்கும். இந்தக் குற்றத்தை நீக்குவது புளிப்பு ஒன்றுதான். பழைய புளித்த மாவை உறையாக இட்டுப் பொறுமையாகப் புளிக்க வைத்தால், அதில் பெருகும் அமிலம் அந்த நொதிகளை அடக்கி, உள்ளே பதம் கெடாமல் காப்பதோடு, பிற்பாடு பூஞ்சணம் எளிதில் பற்றாமலும் தடுக்கிறது. அந்த மலைவாசிகள் இந்த ரசாயனத்தைப் படித்தவர்கள் அல்லர்; ஆனால் புளிப்புக் குறைந்த ரொட்டி கதவடைத்த குளிர்காலத்தின் நடுவில் கெட்டுப்போனால் குழந்தைகள் என்ன ஆவார்கள் என்பதை அறிந்தவர்கள். அந்த அறிவே அவர்கள் கைக்குப் பக்குவத்தைக் கற்பித்தது.

வெந்துவந்த ரொட்டியைக் கையிலெடுத்துப் பார்க்கவேண்டும். வட்டமாய்த் தட்டையாய், அதன் அளவுக்கு எதிர்பாராத கனத்தோடு இருக்கும். உருண்டையாக்கிய மாவின்மேல் உலர்ந்த ரை மாவைத் தூவி ஓய்வாக வைக்கும்போது, உள்ளே மாவு மெல்ல எழும்ப எழும்ப, மேலே தூவிய மாவு நீளாமல் பிளந்து நிற்கும்; அந்தப் பிளவுகளோடேயே அது அடுப்புக்குள் போகும். ஆதலால் பழுப்பும் சாம்பலும் கலந்த அதன் முதுகில், கோடையில் நீர் வற்றிய ஏரியின் தரைபோல் வெடிப்புகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வெடிப்பின் அடியிலும் தோல் கருத்து மின்னும். மேடுகளில் மாவின் வெண்மை அப்படியே தங்கியிருக்கும். கத்தியால் அறுத்தால் உள்ளே நெருக்கமான, ஈரம் காத்த கரும்பழுப்பு. மோந்தால் முதலில் புளிப்பு, அதன் பின்னால் வறுத்த தானியத்தின் மணம். அன்றைய ரொட்டிக்கு இந்த மணம் இன்னும் கூடிவருவதில்லை. ஒரு நாளாவது அது தன்னுள் அடங்கவேண்டும். மாதங்கள் கடந்தபின்போ அது கல்லுக்கு இளையதன்று. ஒரு முனையில் பலகையோடு பிணைத்துவைத்த கனத்த கத்தியைக் கைப்பிடியால் அழுத்தி அதைத் துண்டாடி, சூப்பிலோ பாலிலோ ஊறவைத்துச் சாப்பிட்டார்கள். அவசரப் பசிக்கு ஏற்றதன்று அந்த உணவு. மெல்ல மெல்லத்தான் இனிப்பு ஊறும்.

இனி எலியின் கதை. சுண்டெலி ஒரு நாளைக்குத் தின்பது மூன்று நான்கு கிராம் தானியமே. ஆயினும் தின்றதைவிடத் தன் புழுக்கையாலும் சிறுநீராலும் பாழாக்குவது பன்மடங்கு. சுமார் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் உடலை நெளித்து நுழைந்துவிடும். நின்ற இடத்திலிருந்து ஓரடி உயரம் தாவும். சொரசொரப்பான மரத்திலும் சுவரிலும் செங்குத்தாக ஏறும். பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கொறிப்பது அதற்கு ஓயாத சுபாவம். ஆறு மாத உணவைக் கூரையின்கீழ் அடுக்கிவைத்திருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய சத்துரு இல்லை. ஆனால் அந்தப் பிராணிக்கும் ஒரு குறை உண்டு. வழவழப்பான கற்பலகை ஒன்று தலைக்குமேல் கிடையாக நீண்டு நின்றால், அதன் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கி நடந்து விளிம்பைக் கடப்பது அதனால் ஆகாது.

இந்த ஒரு குறையைக் கண்டு அதன்மேல் ஒரு கட்டடக் கலையையே எழுப்பியவர்கள் வாலே மக்கள். செர்மாட்டின் பழைய பகுதியாகிய ஹிண்டர்டோர்ஃபில், 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை கட்டிய மரக்களஞ்சியங்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கதிரை அடுக்கிவைத்துப் போரடிக்கும் களஞ்சியத்தை ஷ்டாடல் என்பார்கள். லார்ச் மரங்களைச் சதுரித்து, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டிப் பொருத்திய அறை அது. வெயில் பட்டுப் பட்டுக் காப்பிக்கொட்டையின் கருமையை அடைந்திருக்கிறது. அந்த அறை தரையிலோ அடித்தளத்திலோ உட்காருவதில்லை. அடித்தளத்தின்மேல் குட்டையான மரக்கால்கள் நிற்க, ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான ஒரு கற்பலகை கிடக்க, அந்தப் பலகைகளின்மேல்தான் முழுக் கட்டடத்தின் பாரமும் இறங்குகிறது. அருகில் குனிந்து பார்த்தால், அந்தக் கல் இயந்திரத்தில் கடைந்ததுபோல் கச்சிதமான வட்டமாக இல்லை. விளிம்பைச் சிறுகச் சிறுகத் தட்டி உடைத்த கையின் தடம் அங்கங்கே நெளிந்து தெரிகிறது. ஆனால் காலின் சுற்றளவுக்கு வெளியே எந்தப் பக்கத்திலும் போதிய அகலம் நீண்டிருக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் அந்தக் கை சிறிதும் பிழை செய்யவில்லை. நூற்றாண்டுக் கணக்காகப் பாரம் தாங்கியும் பலகைகள் இடம் பெயரவில்லை. கீழே காற்று தடையின்றி ஓடுவதால் தானியம் உலர்ந்தே இருக்கிறது. எலி காலின்மேல் ஏறி, கல்லின் அடியில் தலை முட்டி, வந்த வழியே திரும்புகிறது. பூனையும் பொறியும் தினந்தோறும் ஜயிக்கவேண்டிய யுத்தத்தை இந்தக் கல் வட்டம் ஒரே முறையில் ஜயித்துவிட்டது. இதைவிடச் சிக்கனமான சிற்பம் ஒன்றை நான் அறியேன்.

சுட்ட ரொட்டியும் உலர்த்திய இறைச்சியும் குடும்பத்தின் மற்ற நல்ல பொருள்களும் இருந்த சிறு களஞ்சியமும் இவ்வாறே கற்பலகைகள்மேல் நின்றது. தீ விபத்துக்கு அஞ்சி அதைக் குடியிருப்பு வீட்டிலிருந்து விலக்கியே கட்டினார்கள். அதன் உள்ளே உத்தரத்திலிருந்து ஏணிபோன்ற ஒரு மரச்சட்டம் தொங்கும். அதன் படிகளுக்கு இடையே ரொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்தி வைப்பார்கள். ஒன்றை ஒன்று தொடாமல் காற்று நடுவே புகுந்து போகும். கீழேயிருந்து ஏறவும் வழி கிடையாது. காப்பின்மேல் காப்பாக அமைந்த இந்த ஏற்பாட்டில்தான், பிசைந்தவளின் புளிப்பும் தச்சனின் கல்லும் ஒரே காரியத்தின் இரண்டு அங்கங்களாகத் தெரிகின்றன. புளிப்பு பூஞ்சணத்தைத் தடுத்தது. கல் எலியைத் தடுத்தது. இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றது பிரயோஜனப்படாது.

இந்த விவேகம் வாலேக்கு மாத்திரம் உரியதென்று சொல்லமாட்டேன். ஸ்பெயினின் வடமேற்கே கலீஷியாவில் மக்காச்சோளக் களஞ்சியங்களும், இங்கிலாந்தின் தென்பகுதியில் பழைய தானியக் கொட்டடிகளும், காளான் வடிவக் கற்களின்மேல் நிற்பதைக் காணலாம். நார்வேயின் பண்ணைக் களஞ்சியத்தில் இன்னொரு யுக்தி உண்டு: கட்டடம் தூண்களின்மேல் நிற்பதோடு, வாசற்படிகள் கட்டடத்தைத் தொடாமல் ஓர் இடைவெளி விட்டுத் தனியே நிற்கின்றன, மனிதன் ஓர் எட்டில் கடந்துவிடுகிறான், எலிக்கு அது அகழி. மாதக்கணக்கில் கெடாத அவர்களுடைய மெல்லிய தட்டை ரொட்டி அங்கேதான் அடுக்கடுக்காக இருந்தது. மேற்குப் பின்லாந்தில் ரை ரொட்டியின் நடுவே ஒரு துளையிட்டுச் சுட்டு, நீண்ட கழியில் கோத்து, கூரைக்குக் கீழே தொங்கவிட்டார்கள். கிழக்குப் பின்லாந்திலோ அடிக்கடி அடுப்பு மூட்டியதால் துளையும் கழியும் இல்லாத மெத்தென்ற ரொட்டியே வழக்கம். அழகுக்கு நான் பின்லாந்தின் கழிக்கு முதலிடம் தருவேன். முழுமைக்கு வாலேயின் கல்லுக்கே தருவேன்.

1891இல் செர்மாட்டுக்கும் 1906இல் சிம்ப்ளான் சுரங்கம் வழியாகவும் ரயில் வந்தபின், வெளிநாட்டு வெள்ளை மாவு மலிந்து, ரை வயல்கள் புல்வெளிகளாயின. ஊரடுப்புகள் பல அணைந்தன. ஆயினும் ரொட்டி அழிந்துபோகவில்லை. 2004 முதல் வாலே ரை ரொட்டிக்குப் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது; மாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது ரையாக இருக்கவேண்டும், அதுவும் அந்த மாநிலத்தில் விளைந்ததாக இருக்கவேண்டும் என்பது விதி. எர்ஷ்மாட் போன்ற ஊர்களில் பழைய அடுப்பை மறுபடியும் மூட்டிச் சுடுகிறார்கள். அக்ரூட்டும் உலர்ந்த பழங்களும் சேர்த்த வகைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை சுவையானவையே, ஆனால் தனி ரையின் ருசியை அறிந்துகொண்ட பிறகு அவற்றுக்குப் போவதே முறை.

வீட்டில் ரொட்டி சுடும் நம்மவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மாவை மூடி இறுகிய தகரப் பெட்டியில் வையுங்கள். சுவரில் குழாய் நுழையும் துளைகளை இரும்பு நார் திணித்துச் சிமெண்டால் பூசுங்கள். கதவின் அடியில் ஆறு மில்லிமீட்டர் சந்துகூட இராதபடி தகடு அடியுங்கள். எலியைக் கொல்லும் வழிகளைத் தேடுவதற்கு முன்னால் அது வரும் வழியை அடைப்பதே சிலாக்கியம்.

செர்மாட்டுக்குப் போகும் தமிழர்கள் இப்போது அநேகர். மாட்டர்ஹார்ன் சிகரத்தை அண்ணாந்து பார்த்துத் திருப்தியடைந்த பிறகு, ஹிண்டர்டோர்ஃபுக்கு நடந்துபோய் ஒரு களஞ்சியத்தின் அடியில் குனிந்து அந்தக் கல் வட்டத்தையும் பாருங்கள். திரும்பும்போது முழு ரை ரொட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே அறுக்காமல் துணியில் சுற்றி இரண்டு நாள் வைத்திருந்து, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, அந்த மலைநாட்டுப் பாலாடைக் கட்டியோடு உண்ணுங்கள்.