தட்டின் முகப்பில் இல்லாத பெயர்கள்

எம் தந்தையார் கப்பலில் பணிபுரிந்தவர். தூத்துக்குடியில் பிறந்து, இளமையின் பெரும்பகுதியை ஐரோப்பியத் துறைமுகங்களில் கழித்துவிட்டு, முதுமையில் மீண்டும் பனிமய மாதா ஆலயத்தின் மணியோசை கேட்கும் தொலைவிலேயே வந்து தங்கினார். அவர் இறைவனடி சேர்ந்து ஆண்டுகள் பல கழிந்த பின், வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதனுள் நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறிய இசைத்தட்டுகள் இருபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் காகித உறையிலும் வாங்கிய துறைமுகத்தின் பெயரையும் ஆண்டையும் தம் சாய்ந்த கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார். எதற்கும் கணக்கு எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு.

அந்தப் பெட்டியில் தமிழ்த் தட்டுகளும் இருந்தன. நம் நாட்டுத் தட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. முகப்புச் சீட்டில் திரைப்படத்தின் பெயரே பெரிதாக வரும். பாடியவரும் இசையமைத்தவரும் அதற்குக் கீழே நிற்பர். பாட்டு எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. 1948இல் வெளிவந்த 'ஞான சௌந்தரி' படத்தின் மாதா மன்றாட்டு பதிவான பழைய 78 சுற்றுத் தட்டு ஒன்றும் கிடைத்தது. எஸ். வி. வெங்கட்ராமன் இசையில், பி. ஏ. பெரியநாயகியும் ஜிக்கியும் பாடியது. படத்தைக் கண்டிராத தலைமுறையும் அப்பாடலை ஆலயங்களில் பாடியது. அது திரைப்படப் பாட்டென்று அறிந்தும் யாரும் கூசவில்லை. திரையிலிருந்து பீடத்துக்கு அருகில் வர அதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

மேலைநாட்டுத் தட்டுகளோ அவ்வாறு தம் உறவுகளை வெளியே சொல்வதில்லை. இரண்டு தட்டுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறோம். இரண்டுமே பெல்ஜிய நாட்டுத் திருச்சபையின் வழியே வந்தவை. பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டவை. வழிபாட்டோடும் பக்தியோடும் தொடர்புடையவை. இரண்டுக்கும் திரைப்படத்தோடு உறவு உண்டென்பதை நாம் அறிந்தது மிகப் பிந்தித்தான்.

முதலாவது 'டொமினிக்'. உறையில் 'ஆண்ட்வெர்ப், 1964' என்றிருந்தது. இந்தப் பாட்டு எமக்குப் புதிதன்று. நாம் சிறுவராய் இருந்தபோது ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் தந்தையார் இதைச் சுழலவிடுவார். எம் தாயார் பிரெஞ்சுச் சொல் ஒன்றும் அறியாதவர். ஆயினும் அடுப்படியில் நின்று அதன் பல்லவியைத் தம் போக்கில் முணுமுணுப்பார். பாட்டின் நாயகர் நாம் புனித சாமிநாதர் என்று வணங்குபவரே. ஏழையாய் நடந்து திரிந்து, ஆல்பிஜென்சியத் தவற்றை எதிர்த்துப் போதித்த அத்தூயவரின் வாழ்வை, குழந்தைப் பாட்டின் துள்ளலில், ஒற்றைக் கிதார் துணையோடு, ஒரு கன்னியர் பாடுகிறார். தட்டில் அவர் பெயர் 'சூர் சூரீர்'. 'புன்னகைச் சகோதரி' என்று பொருள்.

இன்று நிதானமாகக் கேட்கும்போது, அதை ஒரு பேரிசைப் படைப்பு என்று சொல்ல நம்மால் இயலவில்லை. மெட்டு எளிது, மீண்டும் மீண்டும் வருவது. ஆனால் குரலில் நடிப்பில்லை. தன்னை யாரும் கேட்கவில்லை என்று எண்ணிப் பாடுபவரின் தெளிவு அதில் இருக்கிறது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. டிசம்பர் 7ஆம் நாளிட்ட அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இந்தப் பாட்டு முதலிடத்தில் நின்றது. கென்னடி சுடப்பட்டு இரு வாரங்களே ஆகியிருந்தன. துயருற்ற ஒரு நாடும், தன் சாளரங்களைத் திறந்துகொண்டிருந்த ஒரு திருச்சபையும் ஒரே வாரத்தில் அந்தப் புன்னகையை நாடின எனலாம்.

1966இல் எம்.ஜி.எம். நிறுவனம் இதே பாட்டை மையமாக்கி 'பாடும் கன்னியர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தது. ஹென்றி கோஸ்டர் இயக்க, டெபி ரெனால்ட்ஸ் நடித்தார். பாட்டுகள் ஆங்கிலமாயின. கன்னியரின் பெயர் சகோதரி ஆன் ஆயிற்று. புகழ் தம் அழைத்தலுக்கு இடையூறு என்றுணர்ந்த அவர் கிதாரைத் துறந்து ஆப்பிரிக்காவில் பணிபுரியச் செல்வதாய்க் கதை முடிகிறது. அழகிய படம், தூய ஆடைகள், கனிவான மடத்தலைவி. ஒரு காட்சியிலும் பக்திக்கு ஊறு இல்லை. பங்கு மண்டபத்தில் தயங்காமல் திரையிடலாம்.

ஆயினும் அந்தப் படம் உண்மை சொல்லவில்லை. அந்தக் கன்னியரின் இயற்பெயர் ஜானின் டெக்கர்ஸ். 1933இல் பிறந்தவர், 1959இல் வாட்டர்லூ அருகிலுள்ள ஃபிஷர்மோன் தொமினிக்கன் மடத்தில் சேர்ந்தவர். படம் வெளிவந்த அதே 1966இல் அவர் மடத்தைவிட்டு வெளியேறினார். ஆப்பிரிக்கா செல்லவில்லை. பழைய பெயரில் பாடும் உரிமை அவருக்கு இல்லாதிருந்தது, அப்பெயர் அவருடையதன்று. லூக் டொமினிக் என்னும் வேறு பெயரில் 1967இல் வெளியிட்ட பாட்டுகளுள் ஒன்று கருத்தடை மாத்திரையைப் போற்றியது. அதன் கருத்து திருச்சபையின் போதனைக்கு ஒவ்வாதது என்பதை நாம் மறைக்கவில்லை. தட்டுகள் விற்ற வருவாய், ஏழ்மை வாக்குக் கொடுத்திருந்த அவர் கைக்கு வராமல் நிறுவனத்துக்கும் மடத்துக்கும் சென்றிருந்தது. பின்னாளில் பெல்ஜிய அரசு அந்த வருவாய்க்கான வரியை அவரிடமே கேட்டது. தோழி ஆனி பெஷேயோடு சேர்ந்து ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்காக நடத்திய இல்லமும் நிலைக்கவில்லை. 1985 மார்ச் இறுதியில் இருவரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். தாங்கள் விசுவாசத்தை இழக்கவில்லை என்றும், தங்களைத் திருச்சபை முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தனர்.

இதில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் முனையவில்லை. மடத்தின் நியாயம் மடத்துக்கு இருந்திருக்கும். நாம் கேட்பது விமரிசகனின் கேள்வி மட்டுமே: உயிரோடிருந்த ஒரு பெண்ணின் வாழ்வைத் திரைக்கு எடுத்தவர்கள் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள்? புன்னகையை எடுத்துக்கொண்டார்கள். அதன் பின்னாலிருந்த முகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து மகிழ்ந்த நமக்கும் தேவைப்படவில்லை. 2009இல் ஸ்டீன் கோனின்க்ஸ் இயக்கத்தில், செசில் தெ பிரான்ஸ் நடிப்பில் மற்றொரு படம் வந்தது. இது அந்தத் துயரத்துக்கு அஞ்சாத படம். ஆனால் இதில் அவருடைய செபம் மங்கிவிடுகிறது. முதற்படம் காயத்தை மறைத்ததென்றால், இது காயத்தையே கண்டது. அந்தக் குரலின் தெளிவு எங்கிருந்து வந்தது என்பதை இரண்டு படங்களுமே காட்டவில்லை என்பது எம் எண்ணம்.

இரண்டாவது தட்டு 'சாங்க்டுஸ்'. உறையில் 'இலண்டன், 1969'. இதைத் தந்தையார் அடிக்கடி போட்டதாய் நினைவில்லை. ஆப்பிரிக்கர் பாடும் திருப்பலிப் பாட்டு என்ற அளவில்தான் அறிந்திருந்தோம். பரணிலிருந்து எடுத்த அன்று அதைச் சுழலவிட்டபோது, திரைப்படக் கலை பயிலும் எம் தங்கை மகன் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்தான்.

"மாமா, இது கோயில் பாட்டா? நாங்கள் வகுப்பில் பார்த்த படத்தில் ஒரு பையன் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பான்" என்றான்.

அவன் சொன்னது லின்சே ஆண்டர்சன் 1968இல் இயக்கிய 'இஃப்' என்னும் படம். 1969இல் கான் விழாவின் தலையாய பரிசு பெற்றது. (ஆண்டர்சன் 1923இல் நம் அண்டை நகரான பெங்களூரில் பிறந்தவர் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.) அப்படத்தின் வழியேதான் 'சாங்க்டுஸ்' இலண்டன் கடைகளில் பரவலாய் விற்று, விற்பனைப் பட்டியலிலும் ஏறியது. தந்தையார் அப்படம் பார்த்து வாங்கினாரா, திருப்பலியின் சொல்லைத் தட்டில் கண்டு வாங்கினாரா என்று கேட்க இன்று அவர் இல்லை.

'சாங்க்டுஸ்' என்பது 'மிஸ்ஸா லூபா' என்னும் திருப்பலி இசையின் ஒரு பகுதி. காங்கோவின் கட்டாங்கா பகுதியிலுள்ள கமினாவில் பணியாற்றிய பெல்ஜியப் பிரான்சிஸ்கன் துறவி அருட்தந்தை கீடோ ஹாசன், அவ்வூர்ப் பள்ளிச் சிறுவர் நாற்பத்தைந்து பேரையும் ஆசிரியர் பதினைந்து பேரையும் கொண்டு ஒரு பாடற்குழு அமைத்தார். இலத்தீன் சொற்களை அவர்களுக்குப் பழகிய மெட்டுகளில் வைத்துப் பாடவிட்டார். ஏட்டில் எழுதிப் பிறந்த இசையன்று இது. கூடிப் பாடுகையில் உருவானது. 1958இல் கமினாவில் முதன்முறை திருப்பலியில் ஒலித்தது. அவ்வாண்டே குழு ஐரோப்பா சென்று பாடியது. மண்ணின் இசைக்கு வழிபாட்டில் உரிய இடம் தர வேண்டுமென்று சங்கம் எழுதுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிட்டது. குழுவுக்குச் சூட்டிய பெயர் மட்டும் பெல்ஜிய அரசர் பௌதுவேனுடையது. ஆண்டவனைத் தம் மொழியின் ஓசையில் பாடிய சிறுவர் ஆள்பவரின் பெயரையும் சுமக்க நேர்ந்தது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

'தூயவர்' என்று மும்முறை சொல்லும் அந்த வேண்டல், அங்கே ஒரு பிரியாவிடைப் பாட்டின் மெட்டில் அமைந்திருக்கிறது. இது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. நம் ஆலயங்களில் 'தூயவர்' பெரும்பாலும் வெற்றி முழக்கமாய் எழும். இங்கோ, ஊரெல்லை வரை வந்து வழியனுப்பி நிற்பவரின் குரலில் அது மெல்ல எழுகிறது, தனிக்குரலுக்குச் சிறுவர் குரல்கள் விடை சொல்கின்றன, முரசு அவசரப்படவில்லை. 'ஓசன்னா' வரும்போது காசாய் நடனத்தின் தாளம் புகுந்து எல்லாம் விரைகிறது. விண்ணும் மண்ணும் நிறைந்த மாட்சியைத் துயரத்தின் வழியே சென்றடையும் இசை இது. தந்தையார் விடைபெற்று விடைபெற்றே வாழ்ந்தவர். இந்தத் தட்டை அவர் ஏன் எங்கள் முன் போடவில்லை என்பது இப்போது ஒருவாறு விளங்குகிறது.

ஆண்டர்சனின் படம் பக்திப் படமன்று. ஆங்கிலேய விடுதிப் பள்ளி ஒன்றின் கொடுங்கட்டுப்பாட்டையும், அதை எதிர்த்துச் சீறும் மாணவர் சிலரையும் காட்டுவது. கூரைமேல் ஏறித் துப்பாக்கியால் சுடும் காட்சியில் முடிவது. அம்முடிவை நாம் ஏற்கவில்லை. சாலையோரத் தேநீர்க் கடையின் பாட்டுப் பெட்டியிலும் இதே இசை ஒலிக்கும் காட்சியொன்று உண்டு. அதுவும் நமக்கு உவப்பானதன்று. ஆனால் படத்தை முழுதாய்ப் பார்த்தவர் ஒன்றைக் கவனித்திருப்பர். அப்பள்ளியில் சிற்றாலயம் உண்டு. மாணவர் வரிசையாய் நின்று பாட்டுப் பாடுகின்றனர். அது வருகைப் பதிவைப் போலவே நடக்கிறது. சிற்றாலயக் குரு படைப்பயிற்சியில் சீருடையோடு நிற்கிறார். அங்கே செபம் இல்லை. படம் முழுவதிலும் செபத்தின் ஓசை கேட்பது ஒரே இடத்தில்தான்: சுவரெங்கும் படங்கள் ஒட்டிய சிற்றறையில், கலகக்கார மாணவன் ஊசியைத் தூக்கித் தூக்கி மீண்டும் முதலிலிருந்து வைக்கும் அந்தத் தட்டில். தான் கேட்பது இறைவனின் தூய்மையைப் போற்றும் சொல் என்பதை அவன் அறிந்திருக்கவே தேவையில்லை. அவனுக்கு அது வேண்டியிருந்தது.

இதே திருப்பலி இசையின் 'குளோரியா'வை 1964இல் பசோலினி தம் மத்தேயு நற்செய்திப் படத்தில் பயன்படுத்தினார். அவரும் தம்மை விசுவாசி என்று சொல்லிக்கொண்டவரல்லர். 1962இல், திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானின் வருகையால் அசிசி நகர் முழுதும் நெரிசலாகிவிட, அறையிலேயே தங்கிப் புதிய ஏற்பாட்டை எடுத்துப் படித்ததில் பிறந்தது அப்படம். அதை அத்திருத்தந்தையின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பும் அதற்குப் பரிசளித்தது. உயிர்ப்பின் வேளையில் கமினாவின் முரசு ஒலிப்பதைக் கேட்டவர், உயிர்ப்பு எவ்வளவு திடீரென்று நிகழ்ந்தது என்பதை உடலாலேயே உணர்வர்.

பக்தியோடு எடுத்த படம் ஒரு கன்னியரை மறைத்துவிட்டது. பக்தியில்லாரின் படங்கள் ஒரு திருப்பலியைக் கேட்கச் செய்தன. இதனால் விசுவாசமற்றவரே நல்ல படம் எடுப்பர் என்று வாசக அன்பர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். 'ஞான சௌந்தரி'யின் மன்றாட்டு அதற்கு மறுப்பு. வேறுபாடு காதில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. அமெரிக்கப் படம் பாட்டைத் தனக்குத் தெரிந்த கதைக்குள் அடைத்துக்கொண்டது. ஆண்டர்சனும் பசோலினியும் அந்த இசையில் கைவைக்கவில்லை. இலத்தீனை ஆங்கிலமாக்கவில்லை, முரசைத் தணிக்கவில்லை. இருந்தபடி ஒலிக்கவிட்டு, அதற்குமுன் தம் காட்சியை நிறுத்தினார்கள்.

அவர்களும் ஒன்றைச் செய்யவில்லை. பாடிய சிறுவர் யாவர் என்று அவர்களும் கேட்டதாய்த் தெரியவில்லை. 'டொமினிக்' தட்டில் ஒரு புனைபெயர். 'சாங்க்டுஸ்' தட்டில் ஓர் அரசரின் பெயர். இரண்டின் முகப்பிலும் பாடியவர் பெயரைத் தேடிப் பயனில்லை.

தட்டுகளைத் துடைத்துப் புதிய உறைகளில் இடலாம் என்று மருமகன் சொன்னான். பழைய உறைகளே இருக்கட்டும் என்றோம். 'ஆண்ட்வெர்ப், 1964' என்ற எழுத்துக்குக் கீழே பென்சிலால் 'ஜானின் டெக்கர்ஸ், 1933–1985' என்று எழுதினோம். மற்றதில், 'இலண்டன், 1969' என்பதற்குக் கீழே, தனிக்குரல் பாடிய ஆசிரியர் ஜோவாக்கிம் ங்கோயின் பெயரை எழுதி, அதற்கடுத்து 'கமினாவின் சிறுவர் நாற்பத்தைந்து பேர்' என்று சேர்த்தோம்.